தகரச் சத்தம்

பண்ணைக்காரர் தீவனத் தகரத்தைத் தட்டினால், நீர்க்காகங்களின் வயிற்றுக்குள் போய்விட்ட அவருடைய மீன்கள் அப்போதும் கரைக்குத் திரும்பி வந்தன. பறவைகளுக்கு அதில் இஷ்டமே இல்லை. எங்கோ மரத்தில் இறக்கை உலர்த்திக்கொண்டிருக்கும்; சத்தம் கேட்டதும் வயிறு முன்னே இழுக்க, தத்தித் தத்தி வந்து அவர் காலடியில் நிற்கும். குஞ்சாக விட்ட நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பழகிய மீன்கள், செத்த பிறகும் பழக்கத்தை விடவில்லை. ஊரில் இதை ஒரு வாரம் பேசினார்கள். பிறகு வெங்காய விலை ஏறியது.

குளத்துக்கு மேலே முன்பு வலை இருந்தது. சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை, சிக்கிச் செத்தால் வழக்காகிவிடும் என்று அதைக் கழற்ற வைத்தவன் அவர் மனைவியின் தம்பி. வனத்துறை அலுவலகத்தில் வேலை. "கழட்டிடுங்க அத்தான். எது தின்னாலும் நஷ்டஈடு வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்று மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். ஞாயிறு தவறாமல் சாப்பிட வருவான். அக்கா பெரிய மீனாகப் பார்த்து வைப்பாள். பண்ணைக்காரர் நம்பினார். இரண்டு பருவத்தில் குளம் வெறும் தண்ணீரானது. நஷ்டஈடு வந்தால் குஞ்சு விடலாம், இல்லையென்றால் குளத்தை விற்க வேண்டியதுதான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, தின்றது உங்கள் மீன்தான் என்பதற்கு என்ன சாட்சி என்றார். பண்ணைக்காரர் சந்தோஷமாகத் தகரத்தைத் தட்டினார். பறவைகள் வந்து வரிசையாக நின்றன. அதிகாரியின் முகம் மாறியது. கூப்பிட்டால் வருகிறதே, இதெல்லாம் இவர் வளர்ப்பதா என்று கூட வந்திருந்த மச்சினனைக் கேட்டார். வலையைக் கழற்றச் சொன்னது யார் என்பது அடுத்த கேள்வியாகிவிடுமோ என்று அவனுக்குப் பயம். தரையைப் பார்த்தான்.

"ஆமா சார். அத்தான் ஆசையா வளக்கறதுதான்."

வளர்ப்புப் பறவை தின்றதற்கு நஷ்டஈடு கிடையாது. பண்ணைக்காரருக்குக் குளம் போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த 'ஆசையா'தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். மறுநாள் காலை, மீனில்லாத குளத்தின் கரையில், கைப்பழக்கத்தில் அவர் தகரத்தைத் தட்டினார். பறவைகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால், சட்டையைப் பாதி மாட்டியபடி, வயிறு முன்னே இழுக்க மச்சினனும் வந்தான். ஞாயிறு ஞாயிறாகத் தின்ற மீன் கொஞ்சமா? "நிறுத்துங்க அத்தான்" என்றான். அவர் நிறுத்தவில்லை.

குளம் கைமாறிவிட்டது, தகரத்தை மட்டும் அவர் கொடுக்கவில்லை. இப்போது வீட்டு வாசலில் தட்டுகிறார். மச்சினன் பறவைகளோடு வரிசையில் நிற்கிறான், மழை நாளில் குடையோடு. அக்கா வெளியே வந்து எல்லாருக்கும் ஒரு பிடி தீவனம் போடுகிறாள். தம்பிக்கு மட்டும் கையில் கொடுக்கிறாள்.