லெஸ்லியின் குதிரையேற்றம்

பனரின் இடது மூலையை விளக்குக் கம்பத்தோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம், "கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் நிரோஷினி. யாரும் பொறுக்கவில்லை. பனர் விரிந்தது. அவளுடைய அப்பா லெஸ்லி, வாழ்நாளில் ஒருமுறையும் போட்டிராத கறுப்புக் கோட்டும் கழுத்தில் நீல ரையுமாக, வேறு யாரோ ஒருவரின் தோள்களின் மேல் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பொன்னெழுத்தில்: 'சமூகச் செம்மல், துறைமுகத் தொழிலாளர் தோழன், குதிரையேற்ற வீரர்.'

"குதிரையேற்ற வீரரோ?"

"ஓம் பிள்ளை" என்றார் வீதி நலன்புரிச் சங்கத் தலைவர் சவரிமுத்து. "உங்கட அப்பா அடக்கமான மனிசன். ஒண்டும் வாய்விட்டுச் சொல்லேல்ல. நாங்கள்தான் விசாரிச்சு எடுத்தனாங்கள்."

விசாரித்தது முன்வீட்டு முத்தனிடம். பேக்கரியில் பாண் வாங்கப் போன இடத்தில் லெஸ்லி ஒருநாள் அவரிடம், "என்ர குதிரைக்குக் கால் முறிஞ்சுபோச்சு" என்று சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநருக்குக் குதிரை ஏது என்று முத்தன் கேட்கவில்லை.

"நுவரெலியாப் பக்கம் ஆரிட்டயும் கட்டி வைச்சிருக்கிறாராக்கும் எண்டு நினைச்சன்" என்றார் முத்தன். "கேட்டா மனிசன் மனம் நோகும்."

குதிரை வீட்டு ஹோலில், தொலைக்காட்சிக்குள் நின்றது. அம்மா இறந்த பிறகு அப்பா பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். அமெரிக்காவின் மேற்கே, தொப்பி போட்ட ஒரு கொள்ளைக்காரனாக இரண்டு வருடம் மலையும் வெளியுமாகத் திரிந்தார். நேற்றுக் காலை, இருந்து விளையாடும் கதிரையிலேயே உயிர் போயிருந்தது. இப்போது தொலைக்காட்சியைக் குசினிக்குள் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள்.

மூன்று கிழமைக்கு முன் கொழும்பிலிருந்த அவளுடைய தொலைபேசிக்கு அப்பா நீளமாக ஒன்று எழுதி அனுப்பியிருந்தார். முகநூலில் போட முதல் ஒருக்கால் பார்க்கச் சொல்லி. அவள் வாசிக்காமலே 'சூப்பர் அப்பா' என்று போட்டுவிட்டாள். வாசித்தது இன்று, திருகோணமலைக்கு வரும் பஸ் கந்தளாய் தாண்டும்போது. அப்பா அதை எங்கேயும் போட்டிருக்கவில்லை.

பெட்டியை மூட முதல் அதை நாலு பேர் கேட்கவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சவரிமுத்து இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஓர் இமயம் சரிந்தது. ஒரு சூரியன் அணைந்தது. திருகோணமலைத் துறைமுகம் தன் நங்கூரத்தை இழந்தது. கடிவாளத்தைப் பிடித்த அந்தக் கரங்கள் இனி ஓய்வெடுக்கட்டும் என்று முடித்தபோது, பின்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

"நீ நன்றி மட்டும் சொல்லு" என்று காதில் சொன்னார் அப்பாவின் தமக்கை எல்சி மாமி. "பாதர் செபம் சொல்லப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

நிரோஷினி தொலைபேசியை எடுத்தாள்.

"இது அப்பா எழுதினது. ஒரு வீடியோ கேமுக்கு விமர்சனம்."

"செத்தவீட்டில கேமோ?" என்றார் சவரிமுத்து, மெல்லமாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் வாசித்தாள்.

"நிறைகள். இடம் பெரிசு. மழை வந்தால் உண்மையான மழை. ஒருவரும் அவசரப்படுத்துவதில்லை. வழியில் காண்பவர்களுக்கு வணக்கம் சொல்ல ஒரு பொத்தான் உண்டு. அநேகமானோர் பதில் சொல்வார்கள். எங்கள் வீதியில் அந்த வசதி இல்லை."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"குறைகள். எங்கேயும் போகலாம் என்கிறார்கள். ஆனால் கதை தொடங்கிவிட்டால் பத்தடி விலகினாலும் தோல்வி என்று எழுத்து வரும். நான் எவ்வளவு நல்லவனாக நடந்தாலும், துவக்கை எடுத்துச் சுடு என்ற இடத்தில் சுட்டே ஆகவேண்டும். கடைக்காரர் மூன்றாம் நாளும் அதே கதையைச் சொல்லுகிறார். நடுப்பகுதி இழுவை. குதிரை செத்தால் வேறொன்று வாங்கலாம்; நான் இரண்டு நாள் விளையாடவில்லை. பின்னேரத்தில் கூடாரம் அடித்து நெருப்பு மூட்டினால் ஒருவரும் வந்து இருப்பதில்லை. கேமைச் செய்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்."

அதற்குப் பிறகு ஒரு வரி இருந்தது. அதை அவள் வாசிக்கவில்லை. 'பத்துக்கு எட்டுப் போடவா, ஏழரை போடவா? நீ சொன்ன பிறகு போடுகிறேன்.'

சவரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். பனரில் எழுதியதை இனி என்ன செய்வது என்று யோசிக்கிறவர்போல இருந்தது அவருடைய முகம். வெளியே பாண்ட்காரர்கள் மேளத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

"பிள்ளை" என்றார் வாசலில் நின்ற முத்தன். "பிறகு கேமுக்கு எத்தினை மாக்ஸ் போட்டவர்?"

"இன்னும் போடேல்ல அங்கிள்."

"சரி, சரி" என்றார் முத்தன். "அவசரமில்லை, ஆறுதலாப் போடட்டும்."

சவப்பெட்டிக் கடைக்காரர்கள் மூடியைக் கொண்டுவந்தார்கள். தூக்கி வைக்க ஓர் ஆள் குறைந்தது. நிரோஷினி தொலைபேசியை எல்சி மாமியிடம் கொடுத்துவிட்டு, மூடியின் கால்மாட்டுப் பக்கத்தைப் பிடித்தாள். பலகை அவள் நினைத்ததைவிடப் பாரமில்லாமல் இருந்தது.