எலியக்கா கையுறை போடாத வருடம்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஓர் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையைத் திருத்தித் தரப் போயிருந்தேன். அறிக்கையை எழுதிய ஆய்வாளர் ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். எல்லாரும் அவரை எலியக்கா என்கிறார்கள். எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. எழுத உட்கார்ந்ததிலிருந்து அந்த உறுத்தல் விடவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘கண் திறக்காத அந்த எலிக்குட்டி, தன் விதி எழுதப்படுவதை அறியாமல்...’

வேண்டாம். விதி வந்தால் பின்னாலேயே பிரசங்கமும் வந்துவிடும்.

இரண்டாவது: பிறந்து மூன்று நாளான பெண் குட்டியை எலியக்கா இடது கையில் எடுத்தார். ஆண் ஹார்மோனை நல்லெண்ணெயில் கரைத்து, தோலுக்கடியில் ஒரு சொட்டு. ஊசியை உருவியதும் எண்ணெய் வெளியே கசியும். விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அதை ஓர் ஆண் எலியோடு விடுவார்கள். மற்றப் பெண் எலிகள் முதுகை வளைத்து இணங்கும். இது பெரும்பாலும் இணங்காது, உதைத்துத் தள்ளும். சில சமயம் இன்னொரு பெண் எலியின் மேல் தானே ஏறும். அதே மருந்தை வளர்ந்த எலிக்குக் கொடுத்தால் இப்படி நிலைத்து நிற்காது. முதல் சில நாட்கள்தான் முக்கியம்.*

(* மேற்கொண்டு அறிவியல் வேண்டுவோர் அறிக்கையைப் படிக்கலாம். ஒற்றுப்பிழை இராது. மற்றதற்கு நான் பொறுப்பில்லை.)

3

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் எலியக்கா இதே வேலையை வெறுங்கையால் செய்தார். ரப்பர் வாடை அடித்தால் தாய் எலி குட்டியைக் கடித்துத் தின்றுவிடும் என்று பயம். கூண்டில் கிடக்கும் மரத்தூளில் கையைத் தேய்த்துக்கொண்டுதான் குட்டியைத் தொடுவார். விரலெல்லாம் மருந்தெண்ணெய். அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி.

அன்று வயிற்றில் இருந்த மகள் போன மாதம் வீட்டில் சொல்லிவிட்டாள், தன் தோழியோடுதான் வாழப்போவதாக. கணவர் மகளை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "எல்லாம் உன் எலி வேலைதான்."

[இதைக் கணவர் வாயில் போட்டவன் நான். உண்மையில் எலியக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். அந்த மனிதர் பாவம், கதையை விட்டுப் போகட்டும்.]

4

அதற்குப் பிறகு ஒருநாள் கூண்டு கழுவிக்கொண்டே எலியக்கா ஆய்வாளரிடம் கேட்டார்.

"சார், அந்த எண்ணெய் தோல் வழியா உள்ள போகுமா?"

"கொஞ்சம் போகும். ஏன், கையுறை கிழிஞ்சிருச்சா?"

"சும்மாதான் கேட்டேன். வயித்துல புள்ள இருந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எலிக்கு எவ்வளவு குடுத்தோம்னு நமக்குத் தெரியும்க்கா. அதை வெச்சு ஒரு மனுஷியைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது."

இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் எலியக்கா அன்றைக்குத் தூங்கியிருப்பார். தெரியாது என்பதைத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

5

முடிவு ஒன்று: மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: வேலையை உதறுகிறார். உதறமாட்டார், எனக்குத் தெரியும்.

முடிவு மூன்று, அவர் சொன்னபடியே. மகள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எலியக்கா கதவோரம் நின்று கையுறை விஷயத்தை முழுக்கச் சொன்னார். "அம்மாவை மன்னிச்சிரும்மா" என்றார்.

மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "என்னை எலியோட சேர்த்துட்டியா?" அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

‘மகளின் கண்களில்...’ (அவள் கண்ணை நான் பார்த்ததில்லை. விட்டுவிடுகிறேன்.)

"அம்மா, நீ மன்னிப்பு கேக்கறது எண்ணெயைத் தொட்டதுக்கா, நான் இப்படி இருக்கறதுக்கா?"

எலியக்கா இதுவரை சொன்னபோது கூட்டம் முடிந்து ஆய்வாளர் வந்துவிட்டார். எலியக்கா எழுந்து தீவனம் போடப் போனார். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பதினோரு பதில் எழுதினேன். பதினொன்றிலும் அம்மா தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறார், மகளை அல்ல.

என்னால் முடியவில்லை. அந்தப் பதிலை நீங்கள் சொல்லிப் பாருங்கள், ஆனால் சீக்கிரம். பாதி மடித்த சட்டையோடு அந்தப் பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.