பாதியில் விட்ட தையல்

சட்டைக்குக் காலர் தைக்கும் காலர்க்காரிக்குச் சந்தேகமே இல்லை. சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுப்பது, கூடவே தைக்கிற அவளுடைய நாத்தனார்தான்.

தையல் கூடத்தின் பின்கதவை வெளியே பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான் சூப்பர்வைசர். துணி திருட்டுப் போகிறதாம்! போன மாதம் இஸ்திரிப் பக்கம் புகை கிளம்பியபோது, பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் வயிறு எரிகிறது. வயிறெரிந்து என்ன பயன்? டீ மணி அடித்ததும் ஒன்றாக மெஷினை நிறுத்துவது, பூட்டு கழலும்வரை தொடுவதில்லை என்று இரண்டு தடவை பேசிவைத்தார்கள். இரண்டு தடவையும் மணிக்கு முன்பே அவன் காவலாட்களோடு வந்து நின்றான். வாயைத் திறந்தவளை வீட்டுக்கு அனுப்பினான்.

யார் சொன்னது? நாத்தனாரை அவன் அறைக்குக் கூப்பிட்டதைக் காலர்க்காரியே கண்ணால் பார்த்தாள். வந்தவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரே வீட்டுச் சோறு தின்கிறவள்! மூன்றாவது தடவை, அவளைத் தவிர எல்லோர் காதிலும் விஷயத்தைப் போட்டாள் காலர்க்காரி.

அன்றைக்கும் அவன் காவலாட்களோடு வந்து நின்றான்.

நாத்தனாருக்குச் சொல்லாமலே எப்படி வந்தான்? காலர்க்காரி சுற்றிப் பார்த்தாள். கையிலிருந்த துணியை முடித்து, நூலை நறுக்கி, மெஷினை மூடி வைக்கிறாற்போல் ஊசிக்கடியில் துண்டுத்துணி வைத்து, எல்லோரும் சமர்த்தாக மணிக்குக் காத்திருந்தார்கள். அவளும்தான். தைப்பதைப் பாதியில் விட இவர்களுக்குக் கை வராது. சண்டைக்குப் போவதானாலும் தையலை முடித்துவிட்டுத்தான் போவார்கள்! மணிக்கு முன்பே மெஷின்கள் ஓய்வதைப் பார்த்தாலே போதாதா, அவனுக்கு ஆள் வேறு வேண்டுமா? நாத்தனாருடைய மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வேலையைப் பாருங்கம்மா" என்று சிரித்துவிட்டு, காவலாட்களை அங்கேயே நிறுத்திவிட்டு அவன் போனான்.

நாத்தனார் சுற்றிலும் பார்த்தாள். "என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமா அண்ணி?"

காலர்க்காரி ஊசிக்கடியிலிருந்த துண்டுத்துணியை உருவினாள்.

"ரூமுக்குக் கூப்பிட்டு மிரட்டினான். நான் ஒரு வார்த்தை சொல்லல. நீங்க பயப்படுவீங்கன்னு வீட்லயும் சொல்லல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் காலர்க்காரி குனிந்து சொன்னாள்: "எல்லாரும் புதுசா எடுத்துத் தைக்கிறோம். மணியெல்லாம் வேண்டாம். நீ எப்போ நிறுத்தறியோ, அப்போ நாங்களும் நிறுத்தறோம்."

பேச்சு காதோடு காதாக வரிசையெல்லாம் போனது. மெஷின்கள் ஓடின. டீ மணி அடித்து ஓய்ந்தது, காவலாட்களும் கலைந்து போனார்கள். நாத்தனார் நிறுத்தவில்லை. நிறுத்துவாளா? பாழாய்ப்போன சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. அப்போது நாத்தனார் பாதி தைத்த சட்டைக் கையில் ஊசியைக் குத்தியபடியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். காலர்க்காரியும் பாதிக் காலரை விட்டாள். வரிசை வரிசையாகக் கூடம் அடங்கியது.

அவன் ஓடிவந்தான், கத்தினான், கெஞ்சினான். சாயங்காலம் பூட்டு கழன்றது.

பின்கதவு வழியாக வெளியே வரும்போது காலர்க்காரி நாத்தனாரின் கையைப் பிடித்தாள். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மறுபடி பூட்டினாங்கன்னா எனக்கும் சொல்லுங்க அண்ணி."