வாக்குச்சீட்டுக்கு ஒரு முகம்

ஊர்த்தலைவர் வார்த்தோயோவின் வலது தோளை ஸ்டூடியோக்காரன் தர்சோனோ மூன்றாவது முறையாகப் பிடித்துச் சற்றே பின்னால் திருப்பி வைத்தான். கையை எடுத்ததுதான் தாமதம், தோள் பழையபடி நேராக வந்து நின்றுகொண்டது. தோளாவது பரவாயில்லை. கழுத்து, கை, புருவம் எல்லாம் ஒன்றுகூடி அவரைப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்த ஆள் மாதிரி ஆக்கிவிட்டிருந்தன. தெருவில் நின்று பேசினால் பத்துப் பேரைச் சிரிக்கவைக்கிற மனிதர்தான். காமிராவைக் கண்டால் மட்டும் இப்படி.

"மூச்சு விடுங்க தலைவரே," என்றான் தர்சோனோ.

"விட்டுக்கிட்டுதானே இருக்கேன். இல்லாட்டி இந்நேரம் செத்திருப்பேன்ல."

"உள்ள இழுத்ததை அப்படியே பிடிச்சு வெச்சிருக்கீங்க. வெளிய விடுங்க. விட்டு முடிக்கிறப்ப நான் எடுப்பேன்."

அவர் விட்டார். தொப்பையும் முகமும் சேர்ந்து இறங்கின. தர்சோனோ பொத்தானை அமுக்கிவிட்டுக் காமிராவின் முதுகில் வந்த படத்தைப் பார்த்தான். விளக்கை ஒரு சாண் நகர்த்தினான்.

இது கல்யாணத்துக்கோ பாஸ்போர்ட்டுக்கோ எடுக்கிற படமாக இருந்தால் அவன் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டான். ஊர்த்தலைவர் தேர்தலின் வாக்குச்சீட்டில் அச்சாகப் போகிற படம். கிளாத்தென் மாவட்டத்து ஊர்களில் வாக்குச்சீட்டில் பேனாவுக்கும் முத்திரைக்கும் வேலை கிடையாது. கட்டத்துக்குள் வேட்பாளரின் படம் இருக்கும், வேண்டியவர் படத்தில் ஆணியால் ஒரு குத்து, அவ்வளவுதான். பின்னால் சிவப்புத் துணி, முகம் நேராக, மார்பளவு, நாலு மணிக்குள் கையில் வந்து சேர வேண்டும் என்று தேர்தல் குழு சொல்லிவிட்டது. வேட்பாளர்கள் இரண்டு பேர். ஒருவர் இங்கே மூச்சு விடத் தெரியாமல் நிற்கிற வார்த்தோயோ. இன்னொருவர் அறையின் மூலையில், பூப்போட்ட திரைக்குப் பின்னால் ரவிக்கைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்த ருமினியம்மாள். வார்த்தோயோவின் மனைவி.

புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிராக நிற்பது அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆச்சரியமான சங்கதி இல்லை. ஒரே ஆள் நின்றால் தேர்தலே கிடையாது, இரண்டு பேராவது வேண்டும் என்பது சட்டம். எதிர்த்து நிற்பதாக இருந்த மீன்தீவன வியாபாரி, மகள் கல்யாணத்தைக் காரணம் காட்டிக் கடைசி நாளில் கழன்றுகொண்டார். வார்த்தோயோ என்ன செய்வார், எல்லாரும் செய்கிறதைச் செய்தார். வீட்டுக்கு ஓடி, வேர்க்கடலை இடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் தாளை நீட்டினார். "சும்மா பேருக்குத்தான்," என்றார். அந்த அம்மாளும் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் போன தேர்தலில் ஆற்றுக்கு அக்கரை ஊரில் இப்படிச் சும்மா பேருக்கு நின்ற ஒரு அம்மாள் நானூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துத் தொலைத்தாள். இப்போது அங்கே கூட்டம் என்றால் அந்த அம்மாள் தலைமை தாங்குகிறாள், அவள் புருஷன், அதாவது மாஜி தலைவர், டீ தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அந்த டீயை வார்த்தோயோவே வாங்கிக் குடித்திருக்கிறார். மனைவி கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அந்த டீயின் ருசி அவர் நாக்கிலேயே நின்றது.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. ருமினியம்மாள் இருபது வருஷமாகச் சந்தை முனையில் பெச்செல் கடை போடுகிறவள். அவித்த கீரை மேல் காரமான வேர்க்கடலைச் சாந்தை ஊற்றி வாழையிலையில் மடித்துக் கொடுப்பாள். யாருக்கு மிளகாய் ஆகாது, யார் மருமகள் பிறந்தகம் போயிருக்கிறாள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தலைவரின் கையெழுத்தை ஊரில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். அவள் கைப்பக்குவத்தை எல்லாரும் தின்றிருந்தார்கள்.

வார்த்தோயோ திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு தர்சோனோவின் காதருகே வந்தார்.

"தம்பி, என் படம் எப்படியோ போகட்டும். அவ படம் கொஞ்சம் சுமாரா வரணும்."

"சுமாரான்னா?"

"சுமாரா. பார்த்தா குத்தணும்னு தோணக் கூடாது. அசிங்கமா வேண்டாம், ஆயிரம் இருந்தாலும் எம் பொண்டாட்டி. ஆனா சுமாரா."

"தலைவரே, நான் பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்..."

"இந்த ஸ்டூடியோ ஊர் நிலத்துல நிக்குது. வருஷா வருஷம் அனுமதிக் கையெழுத்து யாரு போடறா?"

"நீங்க."

"நான் கெட்டவன் இல்ல தம்பி. சும்மா ஞாபகப்படுத்தினேன்."

பதினெட்டு வருஷத்தில் தர்சோனோ யாரிடமும் 'சிரிங்க' என்று சொன்னதில்லை. சொன்னால் பல்தான் வரும், சிரிப்பு வராது. ஒரு காலில் பாரத்தைப் போடச் சொல்வான். சும்மா தொங்குகிற கைக்கு ஒரு வேலை கொடுப்பான். கண்ணை மூடவைத்து, மூன்று எண்ணித் திறக்கச் சொல்வான். மாறுகண் மாப்பிள்ளை, முகப்பரு மணப்பெண், பல் கட்டின பள்ளி வாத்தியார், எல்லாரும் தாங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் நன்றாகவே வெளியே போனார்கள். அதுதான் அவன் கர்வம். அதைத் தவிர அவனிடம் சொத்து வேறொன்றும் இல்லை. இப்போது அத்தனையையும் தலைகீழாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கடையைச் சாத்த வேண்டும்.

ருமினியம்மாள் பச்சை ரவிக்கையும் கொண்டையுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "எங்க நிக்கணும் தம்பி?"

சாதாரணமாக யாரையும் காமிராவுக்கு நேர் எதிரே, இரண்டு காலையும் ஊன்றி அவன் நிறுத்தவே மாட்டான். ஆள் கதவு மாதிரி தெரிவார். அவளை அப்படித்தான் நிறுத்தினான். நின்றாள். தன் வயல் வரப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. முகவாயைத் தூக்கச் சொன்னான். தூக்கினால் மூக்குத் துவாரம்தான் பிரதானமாக விழும். அவள் தூக்கியதும் கலெக்டரையே 'அப்படி ஓரமா உக்காருங்க' என்று சொல்லப்போகிற தோரணை வந்தது. கைகளைத் தொங்கவிடச் சொன்னான். விளக்கைக் கீழே இறக்கி, பேய்க்கதை சொல்கிறவன் முகத்துக்குக் காட்டுகிற மாதிரி வைத்தான். கண் இரண்டும் பளிச்சென்று ஆகிவிட்டன. ஒவ்வொரு தடவையும் "இப்படியா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். இருபது வருஷம் சந்தையில் ஆயிரம் பேர் பார்வையில் நின்ற உடம்பு அது. பார்க்கப்படுவது அதற்குப் பழகிப்போயிருந்தது.

வார்த்தோயோ எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்து, "இதுவா சுமார்?" என்றார்.

"சுமாராத்தான் எடுத்தேன் தலைவரே. சுமாரா வரல."

"கண்ணை மூடச் சொல்லிப் பாரு."

மூடச் சொன்னான். எடுத்தான். இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள்.

"இதை அச்சடிச்சா ஓட்டு மட்டும் போட மாட்டாங்க," என்றான் தர்சோனோ. "வேண்டுதலும் வைப்பாங்க."

மணி மூன்றாகிவிட்டது. தலைவருடைய படமும் இன்னும் தேறவில்லை. மறுபடி அவரை நிறுத்தினான். அந்த அம்மாள் காமிராவுக்கு வலப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

"கழுத்தை முன்னால நீட்டுங்க தலைவரே. ஆமை மாதிரி."

"ஒரு தலைவனைப் பார்த்து ஆமைங்கிறியா?"

"ஆமைங்கல, ஆமை மாதிரிங்கறேன். நீட்டினா ரெட்டை நாடி தெரியாது."

"தம்பி," என்றாள் ருமினியம்மாள் விசிறியபடியே. "சுமாரா வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

வார்த்தோயோவின் காது இரண்டும் சிவந்தன.

"துணித் திரைதானே. செங்கல் சுவரா வெச்சிருக்கு?" என்றாள் அவள்.

"ருமினி, அது வந்து..."

"நீங்க பேசாம கழுத்தை நீட்டுங்க. தம்பி, இருபத்தெட்டு வருஷமா காலையில முழிச்சதும் நான் பார்க்கிற மூஞ்சி எப்படின்னு காட்டவா? அதைவிட சுமாரா உனக்குக் கிடைக்காது."

எழுந்து நின்றாள். நெஞ்சை முன்னால் தள்ளி, மூச்சை அடக்கி, தோளை இரண்டு காதுவரைக்கும் ஏற்றி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, கண்ணை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து நின்றாள். சாட்சாத் வார்த்தோயோ. காமிரா முன்னால் நிற்கிற வார்த்தோயோ. அந்தப் புருவம்கூடப் பிசகவில்லை.

தலைவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாயில் திட்டு வருவதற்குள் வயிற்றிலிருந்து ஏதோ புறப்பட்டு மேலே வந்து, மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தர்சோனோ அவசரப்படவில்லை. சிரிக்கும்போது எடுத்தால் வாய்தான் படமாகும். சிரிப்பு முடிந்து, முகம் இன்னும் அடங்காமல் இருக்கிற அந்த அரை நொடிக்குக் காத்திருந்து அமுக்கினான். அப்படியே காமிராவை வலப்பக்கம் திருப்பி, மாறுகண்ணோடு நின்ற அந்த அம்மாளையும் ஒன்று எடுத்தான்.

"இதையே குழுவுக்குக் கொடுத்துடு தம்பி," என்றாள் அவள், கண்ணைப் பழையபடி ஆக்கிக்கொண்டு. "இவரு நிம்மதியா ரெண்டு வாய் சோறு திங்கட்டும்."

படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டான். வார்த்தோயோ தன் படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்றார். நிஜமாகவே கேட்டார். தோள் தானாகவே ஒரு பக்கம் திரும்பியிருந்தது, கழுத்து வேண்டிய அளவுக்கு நீண்டிருந்தது. கண் மட்டும் காமிராவை விட்டு ஒரு மயிரிழை வலப்பக்கம் போயிருந்தது, ஸ்டூல் இருந்த பக்கம். அடுத்தது அந்த அம்மாளின் மாறுகண் படம். அதற்கடுத்து, முகவாயைத் தூக்கி நின்ற படம்.

அதைக் கண்டதும் ருமினியம்மாளின் விசிறி நின்றது. கிட்டே வந்து குனிந்தாள்.

"எங்க கல்யாணப் படத்துல பந்தக்கால் குறுக்க வந்து என் மூஞ்சி பாதி இல்ல," என்றாள். "அப்புறம் அடையாள அட்டைக்கு எடுத்ததுதான். அதைப் பார்த்து நான் இவ்வளவுதான்னு இருந்துட்டேன். இப்படி ஒரு மூஞ்சி எனக்கு இருக்குன்னு யாருமே சொல்லல."

யாருமே என்றால் யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உடை மாற்றத் திரைக்குப் பின்னால் போனாள். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒருமுறை கேட்டது. துணித் திரைதானே.

மணி மூன்றரை. தர்சோனோ அந்த அம்மாளின் இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டான். "நீங்களே சொல்லுங்க தலைவரே, எதை அனுப்பறது?" தன் கர்வமும் ஸ்டூடியோவும் அவர் விரல் நுனியில் தொங்குவது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

வார்த்தோயோ மாறுகண் படத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோனார். விரல் அங்கே போய் நின்றது, இறங்கவில்லை. பூப்போட்ட திரையைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஆற்றுக்கு அக்கரை டீ நினைவுக்கு வந்திருக்க வேண்டும், ஒரு தரம் எச்சில் விழுங்கினார்.

"இதைப் போட்டா நான் இவளுக்குச் சோறு போடறதில்லைன்னு ஊரு பேசும்," என்றார் கடைசியில், எரிச்சலோடு. "அதை அனுப்பு. சீக்கிரம் அனுப்பு, நான் மனசு மாறிடுவேன்."

தேர்தல் நாளன்று பந்தல் மேடையில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டி, வேட்பாளர்கள் இருவரையும் இரண்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வழக்கம்தான். ஆனால் பார்க்கக் கல்யாண மேடை மாதிரியே இருந்ததால், காது மந்தமான ஒரு பெரியவர் ஏறிப்போய் இருவர் கையையும் குலுக்கி மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, "சாப்பாடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். குழுக்காரர்கள் ஓடிவந்து கவரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ருமினியம்மாள் அவருக்கு மிளகாய் ஆகாது என்று கூடவே சொல்லி அனுப்பினாள்.

தர்சோனோவின் முறை வந்தது. தட்டி மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தான். ஒன்றாம் எண் வார்த்தோயோ, இடப்பக்கம். இரண்டாம் எண் ருமினி, வலப்பக்கம். அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். அவரோ சிரிப்பு அடங்காத முகத்தோடு, கண்ணை ஒரு மயிரிழை வலப்பக்கம் ஓட்டி, அடுத்த கட்டத்தில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழு எண் போடச் சீட்டுக் குலுக்கியபோது இது யாருக்கும் தோன்றியிருக்காது. நூலில் கட்டித் தொங்கிய ஆணியை அவன் கையில் எடுத்தான்.

அடுத்த மறைப்பில் யாரோ இருமினார்கள். தெரிந்த இருமல்.

"தம்பி," என்றது தணிந்த குரல். வேட்பாளருக்கும் ஓட்டு உண்டே.

"உள்ள பேசக் கூடாது தலைவரே."

"தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்." தட்டிக்கு அப்பால் சீட்டு சரசரத்தது. "எங்க குத்தினா வலிக்காத மாதிரி இருக்கும்?"

யாருக்கு என்று கேட்க தர்சோனோவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அந்த இடத்தில் கேட்கிற கேள்வி இல்லை அது. சீட்டைப் பார்த்தான். கட்டம் நிறைய ஆள் வர வேண்டும் என்று பாடுபட்டு எடுத்தது அவனேதான். இப்போது ஆணி வைக்கக் காலி இடம் இல்லை.

"தோள்ல குத்துங்க," என்றான்.

தோள் இரண்டு பேருக்கும் இருந்தது.

வெளியே குழுக்காரர் ஒலிபெருக்கியில் வரிசையை நகரச் சொன்னார். பிறகு ஆணி ஒரே ஒருமுறை டொக்கென்று பலகையில் பட்டது. தட்டிக்கு மேலே இரண்டு கைகள் எழுந்து சீட்டை வெயிலுக்குப் பிடித்தன. இந்தப் பக்கம் தெரிந்தது வெள்ளை முதுகு, அதில் கடுகளவு வெளிச்சம். அது இடமா வலமா என்று தர்சோனோ பார்ப்பதற்குள் கைகள் கீழே இறங்கிவிட்டன.