மூன்று காலி ஓட்டைகள்

பழைய கடிகாரத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைக்கிறவர்கள் எல்லோரும் பேச்சை ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். விற்பதற்கு இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்பார்கள். சும்மா தெரிந்துகொள்ளவா இந்த வெயிலில் கம்பளியில் சுற்றி, பச்சைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்டும் இருக்கிறேன். கடிகாரம் சேர்க்கிறவர்கள் மத்தியில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கண் சரியான கண், வாய்தான் ஆகாது என்பார்கள். என் வீட்டுக்காரர் அதில் இரண்டாவது பாதியை மட்டும் சொல்வார்.

நான் கடிகாரத்தைப் பழுது பார்ப்பதில்லை. அதன் வயது என்ன, உடம்பு எப்படி இருக்கிறது, என்ன மதிப்புப் பெறும் என்று பார்த்து, சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். பெட்டியை யாராவது பளபளவென்று பாலிஷ் போட்டுக் கெடுத்திருக்கிறார்களா, எந்தத் திருகாணி புதிது, பெண்டுலம் இதனுடையதா இல்லை இரவல் வந்ததா, எல்லாம் பார்ப்பேன். எல்லாவற்றையும்விட முக்கியம் டயல், அதாவது கடிகாரத்தின் முகம். டயலின் முதுகில் குட்டிக் கால்கள் மூன்று இருக்கும். அவை உள்ளே மிஷினின் பித்தளைத் தகட்டில் இருக்கும் மூன்று ஓட்டைகளில் நுழைந்து நிற்கும். தகட்டில் ஆறு ஓட்டைகள் இருந்து மூன்று காலியாகக் கிடந்தால், முன்பு வேறு டயல் இருந்தது, இப்போது இருப்பது யாரோ பிறகு கொண்டுவந்து மாட்டியது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கடிகாரத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. இதை வைத்துத்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் என் சொந்த அண்ணன் தலையில் கல்லைப் போட்டேன்.

அண்ணன் பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்துக்குள் எட்டிப் பார்க்கிற ஆள். மூடப்போன ஒரு ஓட்டலின் மாடிப்படியில் தொங்கிய சுவர்க் கடிகாரத்தை அவர் வாங்கினார். டயலில் பட்டறையின் பெயர் கிடையாது. பல்சக்கரங்களின் வெட்டைப் பார்த்தே அது எந்தப் பட்டறை வேலை என்று அவராகவே கண்டுபிடித்தார். அந்தப் பட்டறை செய்தவற்றில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஒரு வருடம் உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டித் தட்டி எடுத்தார். அண்ணிகூட, என் பல்லை ஒருநாளாவது இப்படிக் கவனித்திருப்பாரா என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

கடிகாரம் சேர்க்கிறவர்கள் சங்கத்தின் கண்காட்சியில் அந்த வருடம் நான்தான் நடுவர். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடிகாரத்தின் பக்கத்தில் நின்றார். நான் டயலைக் கழற்றினேன், மூன்று காலி ஓட்டைகளைப் பார்த்தேன், டயல் இதனுடையது இல்லை, எங்கேயோ கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள் என்று நாற்பது பேர் காதில் விழும்படி சொன்னேன். சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போய்விட்டேன். ஊருக்கெல்லாம் பொய்ப்பல் கட்டுகிறவருக்கே பொய்முகம் கட்டிவிட்டார்களே என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரமே சேர்ந்திருப்போம். கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனவர்தான். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அண்ணிதான் எடுப்பாள். உள்ளே அவர் இருமுவது கேட்கும், ஆனால் வெளியே போயிருக்கிறார் என்பாள். நானும் வீம்புக்காரிதான். பார்த்ததைச் சொன்னேன், இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று நான்கு வருடம் விறைப்பாகவே இருந்தேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்த கடிகாரத்தைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணனுடையதற்குக் கூடப்பிறந்தது போல அதே பெட்டி, அதே முள். பின்கதவின்மேல் பட்டறையின் முத்திரைக் காகிதம் கிழியாமல் ஒட்டியிருந்தது. வாங்கிய இரண்டாவது வருடமே நின்றுவிட்டதாம். ரிப்பேருக்குக் கொடுக்க அவர்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லையாம், அவ்வளவு கஞ்சக் குடும்பம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். பட்டறையை விட்டு வந்த நாளிலிருந்து ஒரு கையும் உள்ளே போகாத கடிகாரம். அப்படி ஒன்றை என் ஆயுசில் நான் அதுவரை பார்த்ததில்லை.

அவரிடம் அனுமதி கேட்டு, காகிதத்தை ஆவி காட்டிப் பிரித்து, மிஷினை வெளியே எடுத்து, டயலைக் கழற்றினேன். தகட்டில் ஆறு ஓட்டைகள் இருந்தன. மூன்றில் கால்கள் நின்ற தடம் இருந்தது. மூன்று காலி.

நான் பார்த்த கடிகாரங்களுக்கெல்லாம் நோட்டில் அளவைக் குறித்து, போட்டோவும் ஒட்டி வைக்கிற வழக்கம் உண்டு. அண்ணன் கடிகாரத்தின் பக்கத்தைத் தேடி எடுத்து அளந்து பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அந்தப் பட்டறைக்காரர்கள் இரண்டு அளவு டயல்கள் செய்திருக்கிறார்கள். ஒரே தகட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஓட்டை போட்டு அடுக்கி வைத்து, எது வேண்டுமோ அதை மாட்டியிருக்கிறார்கள். சிக்கனம், அவ்வளவுதான். அதைவிடக் கொடுமை, நான் எடுத்து வைத்திருந்த படத்திலேயே அது தெரிந்தது. காலி ஓட்டைகளைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. கால் நுழைந்து வெளியே வந்த ஓட்டை அப்படி இருக்காது. லென்ஸை இன்னும் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன். கண் சரியான கண்ணாம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

என் முகத்தைப் பார்த்துத் தலைமையாசிரியை பயந்துவிட்டார்.

"என்னங்க, ரொம்ப மோசமா?"

"உங்க கடிகாரம் தங்கமா இருக்குங்க. நான்தான் மோசம்."

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளும்படி அவரை அனுப்பிவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணனிடம் கொடு என்றேன். இப்போது முடியாது, மூன்று மணிக்கு ரேடியோ வருகிறார், கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ரேடியோ என்பது பழைய பொருள் வியாபாரி ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர். காலையில் அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் சங்கம் முழுக்க ஒலிபரப்பாகிவிடும். எதற்கு வருகிறார் என்று கேட்டேன். ஓட்டல் கடிகாரத்தை உதிரி பாகத்துக்கு எடுத்துக்கொண்டு போக என்றாள். மற்றதையெல்லாம் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார், இது ஒன்றுதான் பாக்கி என்றாள். இருபத்திரண்டு கடிகாரங்கள் இருந்த வீடு அது. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. உதிரி பாகத்துக்குப் போனால் மறுநாளே மிஷின் ஒரு பக்கம், டயல் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் ஆகிவிடும். பிறகு யார் நினைத்தாலும் ஒன்று சேர்க்க முடியாது.

தலைமையாசிரியையின் தகட்டைப் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்துப் போனேன். போகும் வழியில், இதை ரகசியமாக அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தப்பு வெளியே தெரிந்தால் நான் போட்ட நூறு கையெழுத்தையும் சந்தேகப்படுவார்கள். முப்பது வருடப் பெயர். ரேடியோ கிளம்பிய பிறகு பேசினால் என்ன என்று யோசித்தேன். அவர் கிளம்பினால் கடிகாரமும் அவரோடு கிளம்பிவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சுவர் முழுக்கக் கடிகாரங்கள் இருந்த இடத்தில் வெளிறிய வட்டங்களும் சதுரங்களும்தான் இருந்தன. நான் வாயைத் திறந்து சொன்ன ஒரு வார்த்தை இந்த வீட்டில் செய்த வேலை அது. ரேடியோ கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்து, "வாங்க" என்றார். கூடப்பிறந்தவளை வாங்க என்று அழைப்பது எப்படி இருக்கும் என்று அழைக்கப்பட்டால்தான் தெரியும்.

ரேடியோவிடம் அதைக் கீழே வையுங்கள் என்றேன். அவர் என் பழைய தீர்ப்பையே எனக்கு நினைவூட்டினார். டயல் ஒட்டுப்போட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதனால்தான் இந்த விலைக்கு எடுக்கிறேன் என்றார். அவர் கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை. அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. டயல் இதோடதுதான். நீ சொன்ன பட்டறைதான். நான்தான் சரியாப் பாக்கல."

ரேடியோவின் கை போர்வையில் அப்படியே நின்றது. அண்ணன் நான் நீட்டிய போனை வாங்கிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி, கடிகாரத்தை மேஜையில் படுக்க வைத்து, நிதானமாக டயலைக் கழற்றினார். உள்ளே போய், நோயாளிகளின் கடைவாயைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்துவந்தார். காலி ஓட்டை ஒவ்வொன்றாக, ஏதோ சொத்தைப் பல்லைத் தேடுவது போலப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ, எனக்கு ஒரு யுகம்.

"கீறல் இல்ல" என்றார் கடைசியில்.

"இல்ல. அன்னைக்கே இல்ல."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "தப்பாச் சொன்னது பரவாயில்ல. நானும் நல்ல பல்லைப் புடுங்கியிருக்கேன். நீ சொன்னது சரியாவே இருந்திருந்தாலும் எனக்கு வலிச்சிருக்கும். கடிகாரத்தைப் பாத்தே, பக்கத்துல நின்ன என்னை நீ பாக்கவே இல்லையே."

எனக்குக் கோபப்படத் தெரியும், அழத் தெரியாது. அன்றைக்கு அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, மன்னிச்சிடு அண்ணா என்று ஏதோ உளறினேன். அண்ணி உள்ளேயிருந்து வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று என்று மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரேடியோ தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்படியென்றால் விலையைக் கூட்டித் தருகிறேன் என்று ஆரம்பித்தார். அண்ணன் போர்வையை மடித்து அவர் கையில் கொடுத்து வாசல்வரை போய் வழியனுப்பினார்.

ரேடியோ தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். மறுநாள் விடியும்போதே என் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் கடிகாரத்துக்கு நீங்கள் கொடுத்த சீட்டு சரிதானா என்று கேட்டார்கள். இரண்டு பேர் கேட்கக்கூட இல்லை, வேறு ஆளிடம் போய்விட்டார்கள். நான் சொன்னது தப்பு என்று என் பெயரைப் போட்டு எழுதி, சங்கத்தின் பலகையில் நானே ஒட்டிவிட்டு வந்தேன். காலி ஓட்டையைக் காட்டி மதிப்பைக் குறைத்த பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன். பதினொன்று இருந்தன. ஒவ்வொரு வீடாகப் போய், வாசலில் வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்பவும் திறந்து பார்த்தேன். ஒன்பது சரியாகவே இருந்தன. இரண்டுக்குப் புதுச் சீட்டு எழுதினேன். வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. தூக்கம் நன்றாக வருகிறது.

நேற்றுக் காலை என் அறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். கையில் கம்பளி மூட்டை. நான்கு வருடத்தில் அவர் வாங்கிய முதல் கடிகாரம். சின்னப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் பூரிப்பு. எங்கே பிடித்தார், எப்படிப் பேரம் பேசினார், இது எவ்வளவு அபூர்வம் என்று உட்காருவதற்குள் பாதிக் கதை சொல்லிவிட்டார். காத்திருந்த மூவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

திறந்த இரண்டாவது நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பித்தளைக்கு மருந்து தடவிக் கறுக்க வைத்திருந்தார்கள். டயலின் பழுப்பு டீத்தண்ணீரில் ஊறிய பழுப்பு. திருகாணி அத்தனையும் நேற்றுப் பிறந்தவை. சுத்த மோசடி. வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தேன். நெற்றி வேர்த்திருந்தது. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார், வந்த அவசரம் அப்படி. மேஜையைச் சுற்றி வந்து, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். லென்ஸை அவர் கையில் கொடுத்து, அந்தத் திருகாணியின் தலையைக் கொஞ்சம் பார் என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், டயலை முகர்ந்தே பார்த்தார். தோள் கொஞ்சம் இறங்கியது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் ஏமாத்தியிருக்கான்" என்று முணுமுணுத்தார். அப்புறம் அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வாய்விட்டே சிரித்தார். காத்திருந்த மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஒரு வீட்டுல இன்னொண்ணு இருக்காம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வாங்குறதுக்கு முன்னாடி பாத்துடலாம். நீயும் வா."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.