பாலத்தில் சொல்ல வேண்டியது

அப்பாவின் மூச்சு முகமூடியில் மாட்டிய ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருந்தாள் சூயென். ஓர் அழுத்துக்கு அப்பாவுக்கு ஒரு மூச்சு. ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலைப் பாலத்தின் நடுவில் நின்று முக்கால் மணி நேரமாகிறது. முன்னால் எங்கோ லாரி கவிழ்ந்திருக்கிறதாம்.

ஆஸ்பத்திரி கைவிரித்துவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை தாங்கட்டும் என்று பந்தை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மூச்சோட கொண்டுவந்துடும்மா. வழியில உயிர் போயிட்டா ஊர் வழக்கப்படி வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. அவர் கையால கட்டின வீட்டுக்கு வெளியில, பந்தல்ல கிடக்கணுமா?"

கீழே ஹௌ ஆறு. கரையில் பழைய ஃபெர்ரித் துறை, அதையொட்டி அவர்கள் வீட்டுத் தகரக் கூரை. இவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது.

அப்பாவின் பெயர் பாய் தோய்; அந்தத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், கரையை விட்டுக் கிளம்பிய ஃபெர்ரியைக்கூடக் கத்திக் கூப்பிட்டுத் திருப்புவார். பாலம் திறந்த அன்று வேலை போனது. பிறகு பதினாலு வருஷம் அக்கரைக்கே போகவில்லை. பாலத்தில் கால் வைக்கமாட்டேன் என்று வீம்பு. நேற்று நினைவில்லாமல் கிடந்ததால்தான் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது.

பாதம் சில்லிட்டிருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். துடிப்பு தட்டவில்லை. பந்தை அழுத்துவதை நிறுத்தவில்லை.

வண்டி நகர்ந்தது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். செத்தவரை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோனால், பாலம் வந்துவிட்டது, கூடவே வாருங்கள் என்று வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். ஆவிக்கு வழிச்செலவாக எறியும் போலிக் காகிதப் பணம்கூட டிரைவர் பக்கத்தில் தயாராக இருந்தது.

"இருக்காராம்மா? இல்லைன்னா சொல்லு. பாலம் முடியறதுக்குள்ள கூப்பிட்டுடணும்."

கூப்பிட்டால் வீடு இல்லை. கூப்பிடாவிட்டால், கால் வைக்கமாட்டேன் என்ற இந்த இடத்திலேயே அப்பா. அவள் பந்தை இன்னொரு முறை அழுத்தினாள்.

"இருக்கார்ண்ணே. நீங்க ஓட்டுங்க."

வீட்டுக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் பந்திலிருந்து கையை எடுத்தாள். அம்மா குனிந்து அவர் காதில், "வீட்டுக்கு வந்துட்டீங்க" என்றாள். கொடுத்துவைத்தவர், சொந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். மகளையும் மெச்சினார்கள்.

சூயென் முற்றத்துக்கு வந்தாள். நெரிசல் தீர்ந்து, மேலே பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்து அப்பாவைக் கூப்பிட்டாள். லாரிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.