கோட்டை விட்ட சிவப்பு

"மறுபடியும் கோட்டை விட்டுட்டீங்க" என்றேன்.

சோதனைக்காக அச்சிட்ட முதல் தாளை ஈரம் காயாமல் ஏந்திக்கொண்டு என் கணவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். ஏதோ ஒரு பழைய படத்தின் சுவரொட்டி. மழையில் ஒரு பெண். அவள் குடைக்கு மட்டும் சிவப்பு. அது குடையின் கறுப்புக் கோட்டைத் தாண்டி இடது பக்கம் ஒரு மயிரிழை வழிந்திருந்தது.

"கோட்டத்தானே விட்டேன், உன்ன விட்டேனா?" என்று சிரித்தார். "கீல் ஆடுதுடி. இன்னிக்கு ஒரு திருகாணி வாங்கி முறுக்கிடறேன்."

"வருஷக்கணக்கா முறுக்கறீங்க."

தாளைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்.

ஒவ்வொரு நிறத்துக்கும் துணி இழுத்துக் கட்டிய ஒரு சட்டம். அதை மேசைக் கீலில் பூட்டி இறக்கி, ரப்பர் பட்டையால் மையை இழுப்பார். கீல் தளர்ந்ததிலிருந்து கடைசி நிறம் விலகியே விழுந்தது. வாங்கிச் சேர்ப்பவர்கள் அதை அவருடைய முத்திரை என்றார்கள். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். என் மேடை நெஜமாவே கோணல், இவங்க அத ஆட்டம்ங்கறாங்க" என்பார். கடைசி நிறத்துக்கு முன்பே எல்லாத் தாளிலும் பென்சிலால் கையெழுத்திட்டுவிடுவார். போட்டுவிட்டால் பாதியில் ஓட முடியாதாம்.

அன்று மதியம் இரும்புக்கடை வாசலில் சரிந்தார். மருத்துவமனையில் சட்டையை மடித்துக் கொடுத்தார்கள். பையில் ஒரு திருகாணி இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகும், சிவப்பு ஏறாத வெள்ளைக் குடைகளோடு தாள்கள் கொடியில் தொங்கின. அவர் பெயரில் அந்தக் கடைசி வேலை முழுதாக வெளியே போக வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கொழுந்தனுக்கும் அதே தொழில்.

"நான் முடிச்சுத் தர்றேன் அண்ணி."

அந்தத் திருகாணியைத்தான் போட்டார். அண்ணன் வாங்கியதாயிற்றே. என் கணவர் கலக்கி வைத்த சிவப்பு மை டப்பாவில் இன்னும் இளகியே இருந்தது. இழுக்க இழுக்கக் கொழுந்தன் அழுதார், சட்டம் ஆடவில்லை. எல்லாக் குடையிலும் சிவப்பு கோட்டுக்குள் அச்சாக உட்கார்ந்தது.

வாங்க முதல் ஆளாக வந்தவர் ஒரு பல் டாக்டர். என் கணவர் அச்சிட்டதில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். ஒரு தாள், இன்னொரு தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கையெழுத்து அவரோடது. கை அவரோடது இல்ல."

"எங்கண்ணன் ஆசப்பட்ட மாதிரியே தான் சார்..." என்று தொடங்கிய கொழுந்தன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டாக்டரின் பார்வை சமையலறைப் பக்கம் போயிற்று. "அதோ, அத மட்டும்னா நான்..."

"அது குடுக்கறதுக்கு இல்ல."

டாக்டர் வெறுங்கையோடு போனதும், திருகாணியைக் கழற்றக் கொழுந்தன் திருப்புளியோடு மேசையடியில் குனிந்தார்.

"விடுங்க தம்பி" என்றேன். "அத அவர்தான் வாங்கிட்டு வந்தாரு."

தாள்களைச் சுருட்டி அலமாரிமேல் வைத்துவிட்டோம். சமையலறையில், அவர் சாத்திய இடத்திலேயே, அந்தச் சிவப்பு குடைக்கு இடது பக்கம் ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது.